லாரி முதலில் நிற்கும் வீடு

கேள்வி: என் கணவர் நீலகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வார்டு கவுன்சிலர். 2022-ல் ஜெயித்ததிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் இவர்தான் முதல் ஆளாகப் போய் நிற்பார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதையும் விடமாட்டார். ராத்திரி ஒரு மணிக்குத் தெரு விளக்கு எரியவில்லை, கரடி நிற்கிறது என்று போன் வரும், கிளம்பிவிடுவார். அரசாங்கம் கொடுக்கும் மதிப்பூதியம் மொய் எழுதவே பத்தாது. எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஆள் கிடைக்காமல் கொழுந்து முற்றிப்போகிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இத்தனை செய்தும் ஊருக்கு நன்றி இல்லை. மேல் வீதிப் பெண்கள் முன்பெல்லாம் ‘அக்கா’ என்று அடுப்படி வரை வருவார்கள். இப்போது கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வீதிக்குப் பைப் போட்டுத் தருவதாக இவர் சொல்லியிருந்தார். ஃபண்ட் வரவில்லை என்றால் இவர் என்ன செய்வார்? தண்ணீர் ஒன்றுக்குத்தான் எங்களுக்குக் கஷ்டமில்லை, லாரி வந்தால் எங்கள் ட்ரம் இரண்டையும் நிரப்பிவிட்டுத்தான் மேலே போகும். அடுத்த தேர்தலில் நிற்கவே கூடாது என்று சொல்லப்போகிறேன். நான் நினைப்பது சரிதானே?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி, நீலகிரி

பதில்: கவுன்சிலர் மனைவி, பஞ்சாயத்துத் தலைவர் மனைவி, கட்சிக்காரர் மனைவி என்று எத்தனையோ பேர் இதே குறையை எனக்கு எழுதியிருக்கிறார்கள். ‘ஊருக்கு உழைக்கிறார், வீட்டை மறந்துவிட்டார்.’ பொறுத்துக்கொள்ளுங்கள், ஊர் ஒருநாள் உங்கள் தியாகத்தைப் புரிந்துகொள்ளும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். உங்கள் ஊர் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த ட்ரம் வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாதாரண நீல ட்ரம் ஒன்று 200 லிட்டர் பிடிக்கும். உங்களிடம் இரண்டு, அப்படியானால் 400 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் கணக்குப் போட்டால் 26 குடம் போக இன்னும் கொஞ்சம். வீட்டுக்கு ஐந்து குடம் என்று வைத்தால் ஐந்து குடும்பத்தின் பங்கு. வரிசையில் கடைசியாக நிற்கும் ஐந்து குடும்பம் அது. லாரியின் குழாய் வெறும் காற்றைத் துப்பும்போது காலிக் குடத்தோடு திரும்பிப் போகிறவர்கள் அவர்கள்தான்.

மலை ஊரில் ஒரு குடம் தண்ணீர் மேலே போகும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். 15 லிட்டர் என்றால் 15 கிலோ. ஒரு குடம் தலையில் சும்மாட்டின் மேல், இன்னொன்று இடுப்பில். மிச்சமிருக்கும் கை படியோரக் கம்பியில். நடுவில் மூச்சு வாங்கினால் நிற்கலாம், குடத்தை இறக்க முடியாது. இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும். தளும்பும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி ஸ்வெட்டரை நனைக்கும். அந்தக் குளிரில் அது காய மதியம் ஆகும். அப்படி ஒருத்தி படியின் நடுவில் நின்று கீழே பார்த்தால் என்ன தெரியும்? மேல் வீதியிலிருந்து கீழ் வீட்டு முற்றம் உள்ளங்கை மாதிரித் தெரியும், இது உங்களுக்கே தெரியும். மூடி போட்ட இரண்டு நீல ட்ரம் தெரியும். அவள் ஏன் அடுப்படி வரை வருவதில்லை என்று என்னைக் கேட்கிறீர்கள்!

உங்கள் மாவட்டத்தில் மழை இல்லாமலா? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. ஆனால் சரிவில் விழுவது சரிவிலேயே ஓடிவிடுகிறது. தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விட்ட சோலையும் புல்வெளியும் எத்தனையோ இடத்தில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் ஆகிவிட்டன. சதுப்பு நிலங்களில் கேரட் விளைகிறது. அதனால் மார்ச் பிறந்தால் குழாயில் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லை. மே மாத சீசனுக்கு வருகிற கூட்டத்துக்கும் தண்ணீர் வேண்டும். ஒவ்வொரு குடமும் எண்ணிக் கொடுக்கிற காலத்தில் ‘எங்களுக்குக் கஷ்டமில்லை’ என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

இப்போது அந்தப் பைப்புக்கு வருகிறேன். ஃபண்ட் வரவில்லை என்கிறீர்கள். ஃபண்ட் தானாக நடந்து வராது. மாதா மாதம் மன்றக் கூட்டம் இருக்கிறது. அதில் எத்தனை முறை உங்கள் கணவர் எழுந்து மேல் வீதிப் பைப்பைப் பற்றிக் கேட்டார்? செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தாரா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு அந்தப் பெண்களை ஒருமுறையாவது கூட்டிக்கொண்டு போனாரா? எம்.எல்.ஏ. தொகுதி நிதி இருக்கிறது. ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை எல்லாம் இதற்காகத்தான் இருக்கின்றன. இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. காரணம் எனக்குத் தெரிகிறது. வீட்டில் ட்ரம் நிறைந்திருக்கிற மனிதனுக்குப் பைப் ஞாபகம் வருவதில்லை. மேல் வீதிக்கு இல்லாத அன்று உங்கள் வீட்டிலும் தண்ணீர் இல்லாமல் போயிருந்தால், காலையில் முகம் கழுவத் தண்ணீர் இல்லாமல் அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால், அந்தப் பைப் என்றைக்கோ படியேறியிருக்கும்.

சாவுக்கு முதல் ஆளாகப் போகிறார் என்பதைக் குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த மனிதர் மேல் அதனால் மரியாதை உண்டு. மலைச் சரிவில் பாடை தூக்க எத்தனை தோள் வேண்டும் என்று சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் தோள் கொடுக்க ஊரில் நாலு இளவட்டம் கிடைப்பார்கள். மன்றத்தில் எழுந்து கேட்க அந்த வார்டுக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார். அப்புறம் இன்னொன்று. சாவு வீட்டிலிருந்து வந்தால் தலைமுழுகிவிட்டுத்தானே வீட்டுக்குள் வருவார்? எந்தத் தண்ணீரில்? மேல் வீதிப் பெரியவர் ஒருவரைத் தூக்கிப் போய் அடக்கம் செய்துவிட்டு, அதே மேல் வீதிக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்கிறார். இதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

டிரைவர் மரியாதைக்காக நிரப்புகிறார், நாங்களா கேட்டோம் என்பீர்கள். வேண்டாம் என்று நீங்கள் ஒரு நாளும் சொல்லவில்லையே, அதுதான் கேட்டது. ஊர்ப் பொறுப்பு ஒருவர் தலையில் விழுந்தால் அந்த வீட்டில் இருக்கிற எல்லோர் தலையிலும் விழுந்த மாதிரிதான். எங்கள் வீட்டில் எனக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள், நான் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். கவுன்சிலர் வீட்டுக்காரி என்றால் வரிசையில் கடைசி ஆள் நீங்கள். உங்கள் மகள் போகிற பஸ்ஸிலேயே மேல் வீதிப் பிள்ளையும் பிளஸ் டூ படிக்கப் போகிறாள் அல்லவா? லாரி வருகிற நாளில் அவள் குடம் தூக்கி வைத்துவிட்டுத்தான் யூனிபார்ம் போடுவாள். உங்கள் மகளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

மற்றதெல்லாம் சின்ன விஷயம். பேரூராட்சி உறுப்பினருக்கு 2023-ல் அறிவித்த மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய். மொய்க்குப் பத்தாது, உண்மைதான். மொய்யைக் குறைக்கட்டும், அவர் போய் நிற்பதே பெரிது. கரடி நிற்கிற தெருவில் விளக்கு எரியாவிட்டால் கவுன்சிலருக்குப் போன் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வார்கள்? அதில் குறை சொல்லாதீர்கள். மகளுக்குப் பரீட்சை முடிகிறவரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் கல்யாணம், விருந்து என்று எதற்கும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கொழுந்து பறிக்க ஆள் நிறுத்துவதை நீங்களே செய்யலாம். பறிக்க வருகிறவர்கள் எந்த வீதிப் பெண்கள்? மேல் வீதி என்றால் ஏன் ஆள் கிடைப்பதில்லை என்பதற்கும் எங்கேயோ போய்த் தேட வேண்டியதில்லை.

அடுத்த முறை லாரி ஹாரன் கேட்டதும் நீங்களே கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள். ‘அண்ணா, மேலே போய்ட்டு வாங்க, இங்க வேண்டாம்’ என்று டிரைவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போய் வரிசையின் கடைசியில் நில்லுங்கள். வீட்டுக்கு ஐந்து குடம் என்றால் உங்களுக்கும் ஐந்து. தண்ணீர் தீர்ந்துபோனால் காலிக் குடத்தோடு திரும்பி வாருங்கள். அன்றைக்கு ராத்திரி அவர் கால் கழுவத் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். போட்டோ எடுக்க யாரையும் விடாதீர்கள். ஒரே வாரத்தில் ‘அக்கா’ என்று வந்துவிடுவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒருத்தி சுருக்கென்று ஏதாவது சொல்லுவாள். அதைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள், பதில் பேச வேண்டாம்.

தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்பதை அந்த வரிசையில் பத்து முறையாவது நின்ற பிறகு நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். இப்போது எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

ட்ரம் இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். கூரைத் தண்ணீர் விழுகிற மூலைக்கு நகர்த்தி, வாயில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கட்டி வையுங்கள். முதல் மழையில் கூரைத் தூசி கழுவிப் போகட்டும், இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும். ஏப்ரலில் கோடை மழை வந்துவிடும்.