சீல் உடையாத பெட்டிக்குள் சாகும் பேட்டரி

கேள்வி: பழைய வீடியோ கேம்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கருவியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) போட்டு ஆடிவிடலாம் என்கிறான் தம்பி. அசல் கன்சோல்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது வீண் வேலையா? எமுலேட்டரில் அசலின் அனுபவம் கிடைக்குமா?

பதில்: ‘அசல்’ என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். தம்பியோடு உள்ள வழக்கைப் பிறகு தீர்க்கலாம். முதலில் அசல் எது என்று முடிவு கட்டுவோம்.

2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏலத்தில் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்ற நின்டெண்டோ ஆட்டத்தின் சீல் உடைக்காத பிரதி ஒன்று 8,70,000 டாலருக்குப் போனது. அதே ஏலத்தில் ‘சூப்பர் மாரியோ 64’ 15,60,000 டாலருக்குப் போனது. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, மதிப்பெண் ஒட்டி, அலமாரியில் வைக்கும் இந்தப் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை திட்டியிருக்கிறேன். இன்னொரு முறையும் திட்டுகிறேன். செல்டா கார்ட்ரிட்ஜின் (கருவியில் செருகும் ஆட்டப் பெட்டியின்) உள்ளே ஆட்டத்தைச் சேமித்து வைக்க ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. நினைவகச் சிப்புக்கு அது எந்நேரமும் துளித்துளியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். பெட்டியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்காவில் அந்த ஆட்டம் வெளிவந்தது 1987இல். பேட்டரியை மாற்றச் சீலை உடைக்க வேண்டும். உடைத்தால் விலை போய்விடும். தன் பொருள் உள்ளே செத்துக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொண்டே வேடிக்கை பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறார் அதன் உரிமையாளர். இதை அசல் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. ஆடத்தான் அந்த ஆட்டத்தைச் செய்தார்கள்.

சரி, திறந்து ஆடும் கன்சோலாவது அசலா? சேகாவின் கேம் கியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வந்த கைக்கருவி. அதன் மின்சுற்றுப் பலகையில் இருக்கும் சின்னஞ்சிறு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும், உள்ளே திரவம் உள்ள பாகங்கள்) கசியும். ஒலி தேய்ந்து தேய்ந்து காணாமல் போவதும், படம் மங்கிப்போய் ஒரு கோணத்தில் சாய்த்தால் மட்டும் தெரிவதும் இதனால்தான். சாலிடரிங் அயர்ன் வைத்ததும் மீன் வாடை அடித்தால் கசிந்தாகிவிட்டது என்று அர்த்தம். கசிந்த திரவம் செப்புத் தடங்களை அரித்துவிடும். கெபாசிட்டரைப் பிடுங்கும்போது அதன் அடியில் உள்ள செப்புத் திட்டும் சேர்ந்து பெயர்ந்து வருவது இந்த அரிப்பால்தான். பழையதை எடுத்து, பலகையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, துருவி, புதியதைப் பற்றவைத்தால் கருவி பிழைத்துக்கொள்ளும். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸிலும் இதே நோய் உண்டு. கடிகாரத்துக்காக வைத்த கெபாசிட்டர் கசிந்து பலகையைத் தின்னும். 1.6 பதிப்பு தவிர மற்றவற்றில் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள், வேறு எதையும் போடத் தேவையில்லை. மின்னிணைப்பைத் துண்டித்தால் நேரம் மறந்துபோகும், அவ்வளவுதான்.

“பாகம் மாற்றிய கன்சோல் எனக்கு வேண்டாம், தொடாத சரக்குதான் வேண்டும்” என்பவர்கள் உண்டு. அவர்கள் தேடிப் பிடிப்பது கசிந்துகொண்டிருக்கும் கருவியை. கெபாசிட்டர் மாற்றிய கேம் கியரும் பேட்டரி மாற்றிய செல்டாவும்தான் 1990களில் இருந்த நிலைக்கு நெருக்கமானவை. வாங்கும்போது அப்படி மாற்றியதையே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சூப்பர் நின்டெண்டோவில் முக்கியச் சிப்பு குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்புக் கணக்கில் ஓடுகிறது. ஒலிச் சிப்பு ஓடுவதோ 24.576 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டரின் கணக்கில். செராமிக்கின் துடிப்பு சூட்டுக்கும் வயதுக்கும் ஏற்ப விலகும். வினாடிக்கு 32,000 மாதிரிகள் என்று வகுத்த வேகத்தைத் தாண்டிப் பல கருவிகள் ஓடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அருகருகே வைத்த இரண்டு சூப்பர் நின்டெண்டோக்கள் மயிரிழை வித்தியாசத்தில் பாடும், இரண்டுமே தொழிற்சாலையில் பிறந்தவைதான். எமுலேட்டர் எழுதுபவர் இதில் எதைப் பின்பற்றுவார்? பல கருவிகளை அளந்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். பழைய எட்டு பிட் நின்டெண்டோவின் நிறங்களிலும் இதே கதை. அது சிவப்பு-பச்சை-நீலமாக நிறத்தை அனுப்புவதில்லை, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் காம்போசிட் சமிக்ஞையையே நேரே உண்டாக்குகிறது. அந்த நீலம் எந்த நீலம் என்பதை ஒவ்வொரு டி.வி.யும் தன் போக்கில் தீர்மானித்தது. எமுலேட்டரில் நிறத்தட்டு என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருப்பது அதனால்தான். “சரியான நிறம் எது?” என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கும் இதுவே பதில்.

இப்போது தம்பிக்கு வருவோம். ஆடலாம் என்றது சரி. எப்படி ஆடுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அகலத் திரை முழுக்க இழுத்துப் பரப்பி ஆடுகிறவராக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நிலா முட்டையாகிவிடும். எட்டு பிட் நின்டெண்டோவும் சூப்பர் நின்டெண்டோவும் பெரும்பாலும் தருவது 256 புள்ளி அகலப் படம். பழைய 4:3 திரையில் ஒவ்வொரு புள்ளியும் உயரத்தைவிடச் சற்று அகலமாக, ஏறத்தாழ 8:7 விகிதத்தில் விரியும். புள்ளியைச் சதுரமாக வைத்தால் எல்லோரும் மெலிந்துபோவார்கள். எமுலேட்டரில் விகிதத்தை 4:3 அல்லது 8:7 புள்ளி என்று வையுங்கள். உயரத்தை முழு எண் மடங்காக்குங்கள். 1080 வரித் திரையில் 240ஐ நான்கு மடங்காக்கினால் 960, மேலும் கீழும் 60 வரிகள் கறுப்பாக நிற்கட்டும். நான்கரை மடங்காக்கித் திரையை நிரப்பினால் சில வரி தடித்தும் சில வரி மெலிந்தும் வரும், படம் நகரும்போது அலையடிக்கும்.

பத்து வினாடிக்கு ஒரு முறை படம் லேசாகத் திக்குகிறதா? கேம் கெட்டுப்போகவில்லை. அந்தக் கருவிகள் வினாடிக்கு 60.0988 சட்டங்கள் (ஃபிரேம்கள்) காட்டின. உங்கள் திரை சரியாக 60 காட்டுகிறது. மிச்சப்படும் துண்டுகள் சேர்ந்து பத்து வினாடியில் ஒரு சட்டமாகிவிடும், அதை விழுங்கியாக வேண்டும். வேகம் மாறக்கூடிய புதுவகைத் திரை இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் ஒலியின் வேகத்தைக் காதுக்குத் தெரியாமல் சரிக்கட்டும் வசதி இருக்கிறது, அதை அணைக்காமல் விடுங்கள். ரன்-அஹெட் என்ற வசதி பொத்தான் தாமதத்தை ஓரிரு சட்டங்கள் குறைக்கும். ஒரு சட்டம் 16.7 மில்லிசெகண்ட். குதித்துத் தாவும் ஆட்டங்களில் இது கைக்குத் தெரியும். அளவுக்கு மீறிக் கூட்டினால் அசைவு துள்ளும்.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 1991இல் வந்த ‘சோனிக்’கின் முதல் கட்டத்தில் அருவி இருக்கிறது. எமுலேட்டரின் துல்லியமான படத்தில் அது செங்குத்துக் கோடுகளாக, கம்பி வேலிபோல நிற்கும். அது ஓடிய சேகாவின் மெகா டிரைவில் ஒளி ஊடுருவும் நிறம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு வரிசைப் புள்ளி விட்டு ஒரு வரிசை வரைந்தார்கள். காம்போசிட் கம்பியின் மங்கலில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து பின்னால் உள்ள பாறை தெரியும் தண்ணீராகிவிடும். அந்த மங்கலை நம்பி வரைந்த படம் அது. கூர்மை ஏற ஏற நல்லது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழைய அமெரிக்க டி.வி. முறையான என்.டி.எஸ்.சி. சமிக்ஞையைப் போலச் செய்யும் வடிகட்டியைப் போட்டால் எமுலேட்டரிலும் தண்ணீர் வந்துவிடும். எப்.பி.ஜி.ஏ. சிப்பில் (உள்ளிருக்கும் மின்சுற்றை நாமே எழுதி அமைக்கக்கூடிய சிப்பு) ஓடுவது எமுலேஷனே இல்லை என்று சாதிக்கும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை: அந்தச் சிப்பில் பழைய கருவிகளை உருவாக்கும் மிஸ்டர் திட்டம் அருமையான வேலை, ஆனால் மின்சுற்றாக எழுதினாலும் எழுதியவர் புரிந்துகொண்ட அளவுக்குத்தான் அது சரியாக இருக்கும்.

உங்களுக்குக் கன்சோல்தான் வேண்டுமென்றால் ஒன்று வாங்குங்கள், பத்து வேண்டாம். அடாப்டரில் கவனம் தேவை. அமெரிக்க எட்டு பிட் நின்டெண்டோவின் அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி. தருவது. அதை ஃபேமிகாமிலோ (அதன் ஜப்பானியப் பதிப்பு) மெகா டிரைவிலோ செருகினால் கருவி போய்விடும். ஜப்பானிய அடாப்டர்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை, 230 வோல்ட்டில் நேரே மாட்டக் கூடாது. நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ் திருகுகளுக்கு 3.8 மி.மீ. கேம்பிட் என்ற தனிவகைத் திருப்புளி, சூப்பர் நின்டெண்டோ கன்சோலின் திருகுகளுக்கு 4.5 மி.மீ. கார்ட்ரிட்ஜில் ஊதாதீர்கள். ஊதியதும் வேலை செய்ததற்குக் காரணம் எடுத்து மறுபடி செருகியது, எச்சில் ஈரம் செய்த வேலை அரிப்பு மட்டும்தான். பஞ்சுக் குச்சியில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேயுங்கள், குச்சி கறுக்காமல் வரும்வரை. எட்டு பிட் நின்டெண்டோவின் சிவப்பு விளக்கு வினாடிக்கொரு முறை கண் சிமிட்டினால், அனுமதியில்லாத கார்ட்ரிட்ஜைத் தடுக்கும் பூட்டுச் சிப்பு கார்ட்ரிட்ஜோடு பேச முடியாமல் கருவியை மீட்டமைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் 72 பின் இணைப்பியில் அழுக்கு. இணைப்பியைப் புதிதாக மாற்றுவதற்கு முன் பழையதைச் சுத்தம் செய்து பாருங்கள். புதிதாக வரும் மலிவுச் சரக்குகள் பல கார்ட்ரிட்ஜைக் கவ்விக்கொண்டு விடாது.

டி.வி.யும் ஒரு சிக்கல். புதிய எல்.சி.டி.க்கள் பல, 240 வரிப் படத்தை 480 வரி இடையிட்ட படமென்று (ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளைக் காட்டும் படம்) தவறாக எடுத்துக்கொண்டு குழப்பும். அடிபட்ட வீரன் சிமிட்டுவதும், ஒரு சட்டம் விட்டு ஒரு சட்டம் வரைந்த நிழலும் காணாமல் போவதுண்டு. ஓ.எஸ்.எஸ்.சி. அல்லது ரெட்ரோடிங்க் போன்ற வரிப்பெருக்கி (வரிகளைப் பெருக்கிப் புதிய டி.வி.க்குத் தரும் கருவி) இதைச் சரிசெய்யும். திரையை நோக்கிச் சுடும் ஒளித் துப்பாக்கியை மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது, அதற்குக் குழாய் டி.வி.யே வேண்டும்.

எமுலேட்டர்காரர்களும் கன்சோல்காரர்களும் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. வேலை செய்யும் கன்சோல் இருந்தால்தான் எமுலேட்டரைச் சரிபார்க்க முடியும். எமுலேட்டர் இருந்தால்தான் கன்சோல் செத்த பிறகும் ஆட்டம் ஓடும். இரண்டு தரப்புக்கும் பொதுவான கவலை கடையை மூடும் நிறுவனங்கள்தான். நின்டெண்டோ தன் வீ கன்சோலின் இணையக் கடையை 2019 ஜனவரியிலும், 3டி.எஸ்., வீ யூ கடைகளை 2023 மார்ச்சிலும் மூடியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துவிட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. எமுலேட்டர் எழுதுவதே குற்றம் என்பவர்கள் சோனி - கனெக்டிக்ஸ் வழக்கில் 2000இல் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பைப் படிக்கலாம். யாரோ ஏற்றிவைத்த ஆட்டக் கோப்பை இறக்கிக்கொள்வது வேறு விஷயம், அந்தத் தீர்ப்பு அதற்குப் பொருந்தாது.

உங்களிடம் ஏற்கெனவே பழைய கார்ட்ரிட்ஜ்கள் இருந்தால் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். பேட்டரியைத் தொடுமுன், சேமிப்பை நகலெடுங்கள். சன்னியின் கார்ட் ரீடர் போன்ற திறந்த வடிவமைப்பு வாசிப்பான்கள் ஆட்டத்தையும் சேமிப்பையும் தனித்தனிக் கோப்பாக எடுத்துத் தரும். பேட்டரியைக் கழற்றிய நொடியில் பழைய சேமிப்பு அழிந்துவிடும், பிறகு எதைச் செய்தும் திரும்ப வராது. புதிய பேட்டரி முனைத்தகடு பற்றவைத்தே விற்பதாக இருக்கட்டும், வெறும் பேட்டரியின் மேல் சாலிடரிங் அயர்னை வைத்தால் வெடிக்கலாம். டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம், இரண்டு மாதத்தில் தொடர்பு விட்டுப்போகும். அளவு பழைய பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கும், பல பெரிய கார்ட்ரிட்ஜ்களில் சி.ஆர். 2032, கேம் பாய் ஆட்டங்களில் சி.ஆர். 2025 அல்லது 1616. கூட்டல் முனை எந்தப் பக்கம் என்று பலகையில் அச்சிட்டிருப்பார்கள். மாற்றிய பிறகு சேமிப்புக் கோப்பைத் திரும்ப ஏற்றுங்கள். அதே கோப்பைத் தம்பியின் எமுலேட்டரிலும் போடலாம். அவர் விட்ட இடத்திலிருந்து நீங்கள் கன்சோலில் தொடரலாம்.