ஜீப் பின்தளத்துக்கு மேட்: கேட்டதும் சொன்னதும்

கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஏத்தங்களில் ஏலக்காய் மூட்டையும் உரமும் ஆளும் ஏத்திப் போற ஜீப், மஹிந்திரா தார், பொலிரோ வண்டிகளின் பின்தளத்தில் மேட் போடுறதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கூடலூர் (தேனி): அண்ணே, எத்தனை எம்.எம். மேட் வாங்கணும்? கடைக்காரர் கனமா இருந்தா நல்லதுன்னு சொல்றார்.

கடைக்காரர் எடைக்கு விக்கிறார், தம்பி. தளம் ஒன்றரை மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம்னு வச்சுக்குவோம். 6 எம்.எம். ரப்பர் மேட் ஏறக்குறைய 15 கிலோ வரும், 10 எம்.எம். போட்டா 25 கிலோ. மூட்டை, காய்கறிக் கூடை ஏத்துற வண்டிக்கு 6 போதும். கேஸ் சிலிண்டர், இரும்புச் சாமான், இன்ஜின் பாகம் போடுறவங்களுக்கு 10. மாட்டுத் தொழுவத்துக்கு விக்கிற 12 எம்.எம். மேட்டை மலிவுன்னு வாங்கிப் போட்டா கழுவுறப்போ ஒத்தை ஆளால் தூக்க முடியாது. தூக்க முடியாத மேட்டை யாரும் தூக்க மாட்டாங்க, அடியில் தகரம் அரிச்சுப் போகும்.

கம்பம்: மேட் போட்டு ஒரே மழைக்காலம்தான் ஆச்சு, அடியில் தளம் முழுக்க துரு. மேட் இல்லாதப்போ இப்படி இல்லையே, ஏன்?

மேட் இல்லாதப்போ நனைஞ்ச தகரம் வெயில் வந்ததும் காய்ஞ்சிடும். மேட் போட்டதும் அந்தத் தண்ணி போக வழியில்லாம நாள்கணக்கில் அங்கேயே நிக்கும். அதோட நீங்க உர மூட்டையும் ஏத்துறீங்க. பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. தகரத்துக்கு அது சமையல் உப்பு மாதிரிதான். ஓட்டைச் சாக்கிலிருந்து ஒரு பிடி கொட்டி மேட்டுக்கு அடியில் போனாலே போதும், ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டு அரிக்கும்.

முதல்ல தண்ணி எங்கே தேங்குதுன்னு பாருங்க. மேட்டை எடுத்துட்டு, வண்டியை மூக்கு கொஞ்சம் மேலே இருக்கிற மாதிரி நிறுத்தி, முன் சீட்டுக்குப் பின்னால ஒரு லிட்டர் தண்ணி ஊத்துங்க. சமதளத்தில் நிறுத்தி இன்னொரு தடவை. தண்ணி நிக்கிற இடம் பெரும்பாலும் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே வளைஞ்சு நிக்கிற தகரம்) தளத்தோடு சேர்ற மூலைதான். துரு அங்கேதான் தொடங்கும். பக்கத்தில் ரப்பர் அடைப்பான் போட்ட வடிகால் ஓட்டை இருந்தா மேட் அதை மூடக்கூடாது. அதுக்கு நேரா ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மேட்டில் ஓட்டை வெட்டிடுங்க.

தளத்தில் நீளவாக்கில் அச்சடிச்ச நெளிவு இருக்குமே, அது பலத்துக்கு மட்டுமில்ல. தட்டையான மேட்டை அதுமேல போட்டா கீழே காத்தும் தண்ணியும் போக வாய்க்கால் கிடைக்கும். மேடுபள்ளமா இருக்குன்னு ஃபோம் வச்சு அதை நிரப்புறாங்க பாருங்க, அதைவிடக் கெடுதல் கிடையாது. ஃபோம் பஞ்சு மாதிரி தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும்.

இருக்கிற துருவுக்கு: கம்பி பிரஷ், அப்புறம் 80 நம்பர் எமரி பேப்பர். ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாருங்க, உள்ளே இறங்கினா பட்டறையில் தகரம் வச்சு வெல்டிங் பண்ணியே ஆகணும். இறங்கலைன்னா, குழியில் மிஞ்சின துருவுக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர்னு விக்கிற, துருவை மாத்துற திரவம். அது கறுப்பா மாறும் வரை ஒரு நாள் விடுங்க. பிறகு ரெட் ஆக்சைடு, அதாவது துரு தடுக்கிற அடிப் பெயின்ட், மெல்லிசா ரெண்டு கோட், ஒவ்வொன்னும் ராத்திரி முழுக்கக் காயணும். அதுமேல எனாமல் பெயின்ட் ரெண்டு கோட். நாலு நாள் கழிச்சுத்தான் மேட். கை வச்சா காய்ஞ்ச மாதிரி தெரியும், நம்பாதீங்க. பெயின்ட் மேட்டோட ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை 15 நாளைக்கு ஒரு தடவை மேட்டைச் சுருட்டி வெளியே போடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இதே கணக்கு.

குமுளி: நானே வெட்டிப் போடலாமா? வீல் ஆர்ச் வளைவு சரியா வரலை.

தாராளமா. நேரா மேட்டில் கத்தி வைக்காதீங்க. அட்டைப்பெட்டியைப் பிரிச்சு முதல்ல அட்டையில் வெட்டுங்க. தளத்தின் நடுக்கோட்டைச் சாக்பீஸால போட்டு, அட்டையிலும் அதே கோடு போட்டு ரெண்டையும் சேர்த்து வைங்க. வளைவுக்கு அட்டையின் ஓரத்தை ரெண்டு விரல் இடைவெளியில் கத்தரியால வெட்டி விட்டா, ஒவ்வொரு துண்டும் தானா வளைஞ்சு வீல் ஆர்ச்சைத் தொடும். தொட்ட இடத்தைக் குறிச்சுக்கோங்க.

மேட்டை ஒரு மணி நேரம் வெயிலில் விரிச்சுப் போடுங்க, சுருள் விடும். சுருளோட அளந்தா தப்பு வரும். கவிழ்த்துப் போட்டு அட்டையையும் கவிழ்த்து வைங்க. இதை மறந்துட்டு இடது வலது மாறிப் போன மேட் எத்தனையோ. சுத்திலும் 5 எம்.எம். குறைச்சு வெட்டுங்க, வெயிலில் ரப்பர் நீளும். இடமில்லைன்னா நடுவில் உப்பும். கட்டர் பிளேடைச் சோப்புத் தண்ணியில் நனைச்சு, ஒரே அழுத்தா இல்லாம மூணு நாலு தடவை மெதுவா இழுங்க. கீழே ஒரு பழைய பலகை.

போடி: பக்கவாட்டு சீட்டைக் கழட்டி, மேட் போட்டு, அதுமேலேயே சீட்டை முறுக்கினேன். சீட் ஆடுது. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் லூஸ் ஆகுது.

உடனே கழட்டுங்க, இதில் ஆள் உக்காருவாங்க. போல்ட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் ரப்பர் இருந்தா அது அமுங்கிக்கிட்டே போகும், முறுக்கு நிக்காது. சீட்டின் கால் பதியுற இடத்தில் மேட்டைச் சதுரமா வெட்டி எடுங்க, கால் நேரா தகரத்தில் உக்காரட்டும். கயிறு கட்டத் தளத்தில் இருக்கிற டி ரிங்குக்கும் (D வடிவ வளையம்) இதேதான்.

மேட்டை நிறுத்தப் புது ஓட்டை போட வேண்டாம். அடியில் டீசல் டேங்க், பிரேக் பைப், வயரிங் போகும். போட்டே ஆகணும்னா கீழே படுத்துப் பார்த்துட்டுப் போடுங்க, ஓட்டை ஓரத்துக்கு ரெட் ஆக்சைடு தடவுங்க.

நெடுங்கண்டம்: எங்க வீட்டுக்காரர் ஏலக்காயைப் போடி ஏலத்துக்கு ஜீப்பில்தான் கொண்டு போவார். புது மேட்டின் வாடை காயில் ஏறுமா?

ஏறும்மா. ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாடையை இழுத்துக்கும். பழைய டயரை அரைச்சுப் பண்ற மேட்டில் வாடை ரொம்ப அதிகம், விலை குறைவா இருக்கேன்னு அதை வாங்க வேண்டாம். நல்ல மேட்டா இருந்தாலும் சோப்புத் தண்ணியில் தேய்ச்சுக் கழுவி, ஒரு வாரம் வெளியே காயப் போட்டுட்டு உள்ளே போடச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் மூட்டைக்கு அடியில் சுத்தமான தார்ப்பாய் ஒன்னு. உரம் ஏத்துற நாளுக்கு விரிக்கிற தார்ப்பாய் வேற, காய்க்கு வேற.

செங்கோட்டை: முழுக்க ஒட்டிட்டா தண்ணியே உள்ளே போகாதே?

போகும், ஆனா வெளியே வராது. டெயில் கேட் (பின்கதவு) ஓரத்தில் மட்டும் மேட் மடங்காம இருக்க ஒரு கை அகலத்துக்கு ஒட்டலாம். மேட்டின் அடியிலும் தளத்திலும் ரப்பர் பசை தடவி, 10, 15 நிமிஷம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தணும். ஈரத்தோட அழுத்தினா பிடிக்காது. சிலிக்கான் வச்சு அடைக்கிறதா இருந்தா வினிகர் வாடை வர்ற வகை வேண்டாம், அதில் வர்ற அமிலம் வெறும் தகரத்தை அரிக்கும். நியூட்ரல் வகைன்னு கேட்டு வாங்குங்க.

குலசேகரம்: ரப்பர் பால் கேனும், உறைய வைக்கிற ஆசிட்டும் ஏத்துறோம். எந்த மேட் நல்லது?

உங்களுக்கு ரப்பர் மேட் வேண்டாம். சிந்தின பால் அதுமேல உறைஞ்சா உரிக்க முடியாது. ஃபார்மிக் ஆசிட் வழிஞ்சு அடியில் போனா தகரம் போச்சு. நாலு பக்கமும் விளிம்பு உள்ள கனமான பிளாஸ்டிக் தட்டில் கேனை வைங்க. ஆசிட் கேனைத் தனித் தட்டில், நிமிர்த்தி, கட்டி வைக்கணும். சிந்தினா அந்த இடத்தை நிறையத் தண்ணி விட்டுக் கழுவிடுங்க.

மறையூர்: வெல்லம் ஏத்துறோம், ஒட்டுது.

வழவழ மேட், வெந்நீர். புள்ளி வச்ச மேட்டில் வெல்லம் புகுந்தா எறும்பு குடியிருக்கும்.

மூணாறு: மேட்டில் வரி எந்தப் பக்கம் போகணும்? ஏத்தத்தில் மூட்டை பின்னால சரியுது. குறுக்கு வரி போட்டா நிக்குமா?

வரி நீளவாக்கில், டெயில் கேட்டைப் பார்த்துப் போகட்டும். கழுவின தண்ணியும் மண்ணும் அந்த வழியா வெளியே வரும், மூட்டையை இழுத்து இறக்கவும் சுலபம். குறுக்கு வரி நனைஞ்ச சாக்கைப் பிடிக்காது. சரியிறதை நிறுத்துறது கயிறுதான். முன்பக்க டி ரிங்கிலிருந்து மூட்டைக்கு மேலே குறுக்கா எடுத்துப் பின் ரிங்கில் கட்டுங்க, முதல் ரெண்டு வளைவு தாண்டினதும் வண்டியை ஓரங்கட்டி ஒரு தடவை இறுக்கிக்கோங்க. ரப்பர் அமுங்கும், கட்டு தளரும்.