கடிதத்தில் கேப்டன், பட்டியலில் காணோம்

நீங்கள் தேடும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியை 1806ஆம் ஆண்டுக் கடிதம் கேப்டன் என்கிறது, ஆனால் கடற்படைக் கேப்டன்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். கேப்டனுக்குக் கீழ்ப்பதவிகளான கமாண்டர், லெப்டினன்ட் பட்டியல்களில் தேடுங்கள். எந்தப் போர்க்கப்பலை நடத்தினாலும் மரியாதைக்குக் கேப்டன் என்றே அழைப்பார்கள். ஸ்லூப் என்ற சிறு போர்க்கப்பலை நடத்தியவர் பெரும்பாலும் கமாண்டர்; அதைவிடச் சிறிய கட்டர் என்றால் வெறும் லெப்டினன்ட்தான். பெரிய போர்க்கப்பல்களைப் பிரித்திருந்த ஆறு தரங்களில் ஒன்றைச் சேர்ந்த கப்பலுக்கு நியமன ஆணை வந்தால்தான் 'போஸ்ட் கேப்டன்', அதாவது பதவியாலேயே கேப்டன்.

நீங்கள் சொன்ன அவருடைய ஓவியத்தில் தோளைப் பாருங்கள். 1795 முதல் 1812 வரை கமாண்டருக்கு இடத்தோளில் மட்டும் எபாலெட் என்ற குஞ்சம் வைத்த தோள் அணி; பதவியில் மூன்றாண்டு நிறையாத போஸ்ட் கேப்டனுக்கு வலத்தோளில்; நிறைந்தால் இரண்டிலும். லெப்டினன்டுக்குக் கிடையாது. ஸ்கேன் இடவலம் மாறியிருந்தால் ஏமாற்றும், வாள் இடது இடுப்பில் தொங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பணிமூப்புத் தேதியை, அதாவது அந்தப் பதவிக்கு வந்த நாளை, வைத்துப் பிரித்தறியுங்கள்.