முன்னாள் ராணுவ வீரர்களுக்கு மனநலத் துணையாக, வீரர்களையே பயிற்றுவித்து நிறுத்த முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: வட மாவட்டம் ஒன்றில் இயங்கும் முன்னாள் படைவீரர் சங்கம். தூக்கமின்மை, குடி, கோபம், தனிமை என்று பல உறுப்பினர்கள் தவிக்கிறார்கள். டாக்டரிடம் போகச் சொன்னால் போவதில்லை. சங்கத்திலேயே பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து மற்றவர்களுக்குத் துணையாக நிறுத்தலாமா?

நிறுத்தலாம். ஆனால் அந்த ஒரு வார வகுப்பு இதில் சின்னப் பங்குதான். யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், வகுப்பு முடிந்த பிறகு அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிது. இவை இரண்டும் சரியாக அமையாவிட்டால், வகுப்பு எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் ஆறு மாதத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

இது புதிய யோசனை அல்ல. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் 1970 வாக்கில் தாங்களே வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். போர்க்கால மனக்காயத்துக்கு 'பிடிஎஸ்டி' என்ற பெயர் மருத்துவக் கையேட்டில் ஏறியது அதற்குப் பிறகு, 1980இல்தான். அமெரிக்க அரசு 1979இல் 'வெட் சென்டர்' என்ற முன்னாள் வீரர்களுக்கான ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. 2008இல் வந்த சட்டம் 'பியர் ஸ்பெஷலிஸ்ட்' என்ற, வீரருக்கு வீரரே துணை நிற்கும் பணிக்கான தகுதிகளை வரையறுத்தது. 2012 ஆகஸ்டில் ஒபாமா பிறப்பித்த ஆணை, அடுத்த ஆண்டு முடிவதற்குள் இப்படி 800 பேரை வேலைக்கு எடுக்கச் சொன்னது. கனடாவில் 2001 முதல் ராணுவமே இதுபோன்ற ஒரு திட்டத்தை நடத்துகிறது. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: துணை நிற்பவர் தானும் அந்த வழியில் விழுந்து எழுந்தவராக இருக்க வேண்டும். எழுந்து குறைந்தது ஓராண்டாவது நிலையாக நின்றிருக்கவும் வேண்டும்.

டாக்டரிடம் போகாதவர் இவரிடம் மட்டும் ஏன் பேசுவார்? காரணம் பணிக்காலத்திலேயே இருக்கிறது. ராணுவ உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்தெழுத்து வரிசையில் போடுவார்கள். அதில் முதல் எழுத்தான 'எஸ்' மனநிலைக்கு உரியது. அதில் தரம் இறங்கினால் ஆயுதப் பணி, பதவி உயர்வு இரண்டும் அடிபடும். தூக்கம் வரவில்லை என்று யூனிட் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் வாய் திறந்தால் 'கேட்டகரி' ஆகிவிடுவோம், அதாவது தரம் இறக்கிவிடுவார்கள் என்ற பயம் பதினைந்து இருபது வருடம் ஊறிப்போயிருக்கும். பென்ஷனில் வந்தபின் அந்தப் பயத்துக்கு எந்தக் காரணமும் இல்லை, ஆனாலும் போகாது. அந்தப் பயத்தை விளக்காமலே புரிந்துகொள்கிற ஆள்தான் துணை வீரர்.

தேர்வுக்கு வருவோம். சங்கத் தலைவர், செயலாளர், ஊரில் பேர் பெற்றவர் என்று பட்டியல் போடாதீர்கள். நன்றாகப் பேசுகிறவரும் பெரும்பாலும் சரிவர மாட்டார். விருப்பம் தெரிவித்த ஒவ்வொருவரையும் இரண்டு பேர் தனியாகச் சந்தியுங்கள். ஒருவர் மனநலப் பணியாளர், மற்றவர் முன்னாள் வீரர். "உங்களுக்கு நடந்ததையும் அதிலிருந்து எப்படி மீண்டீர்கள் என்பதையும் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அரை மணி நேரம் ஆகியும் நிறுத்த முடியாதவருக்கும், பேச்சு உடைந்து தொடர முடியாதவருக்கும் இன்னும் காலம் தேவை. அவர்களை நிராகரிக்காமல் அடுத்த அணிக்கு வரச்சொல்லலாம். "எனக்கு எதுவுமே நடந்ததில்லை, மற்றவர்களைத் திருத்தத்தான் வந்தேன்" என்கிறவரை நல்ல வார்த்தை சொல்லி வேறு வேலைக்கு அனுப்புங்கள். குடியை விட்டவர் என்றால் விட்டு ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். இதை வீட்டாரிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அணியில் பெண்கள் இருவராவது இருக்கட்டும். வீரர்களின் மனைவியரும், கணவரை இழந்த பெண்களும் ஆண் துணை வீரரிடம் வீட்டு விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு அணிக்கு 12 பேர் போதும். மூன்று பேராகப் பிரித்துப் பழக்க வேண்டியிருப்பதால் அது வசதியான எண். நேரம் 40 மணிக்குக் குறையக் கூடாது. அதை ஒரே வாரத்தில் திணிப்பதைவிட மூன்று வார இறுதிகளாகப் பிரித்தால் நல்லது. இடைப்பட்ட நாட்களில் வீட்டிலும் டீக்கடையிலும் கேட்டுப் பழகிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். என்ன தடுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வகுப்புக்குள் சுபேதார் சாபும் இல்லை, சிப்பாயும் இல்லை, பெயர் சொல்லியோ அண்ணே தம்பி என்றோ மட்டும் அழைக்க வேண்டும் என்று முதல் மணியிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் பழைய ஹவில்தார் எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். சிரித்துக்கொண்டே உட்கார வைக்க வேண்டியதுதான்.

நேரத்தில் பாதியைக் கேட்கும் பழக்கத்துக்கே கொடுங்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கவனிப்பார். பேச்சு பத்து நிமிடம், அதன்பின் ஐந்து நிமிடம் கருத்து, பிறகு இடம் மாற வேண்டும். கேட்பவர் அறிவுரை சொல்லும் ஒவ்வொரு தடவையும் கவனிப்பவர் தாளில் ஒரு கோடு போட வேண்டும். முதல் நாள் தாள் நிறைந்துவிடும். வீரருக்குப் பயிற்சி என்பதே சிக்கலைப் பார்த்ததும் உத்தரவு போடுவது அல்லது உத்தரவை நிறைவேற்றுவது. "இதெல்லாம் ஒரு விஷயமா, சியாச்சின்லயே இருந்துட்டு வந்தவன் நீ" என்ற வாக்கியம் கட்டாயம் வரும். சொல்பவர் தைரியம் கொடுப்பதாக நினைக்கிறார். கேட்பவருக்கு அது வாயை மூடு என்று சொன்னது போல. அதற்குப் பதிலாக, "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே வர்றதில்ல, அப்படித்தானே?" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் பழக்குங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். பத்து விநாடி மௌனத்தைக் கடிகாரம் வைத்துப் பழக்க வேண்டியிருக்கும்.

அடுத்த தொல்லை, கதைக்குப் போட்டிக் கதை. ஒருவர் கார்கில் என்றால் மற்றவர் இலங்கையில் ஐபிகேஎப் என்ற இந்திய அமைதிப்படையில் இருந்த நாட்களை எடுத்துவிடுவார். துணை வீரர் தன் அனுபவத்தைச் சொல்லலாம், அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். ஆனால் இரண்டு நிமிடத்துக்குமேல் வேண்டாம். காயத்தைப் பற்றிக் குறைவாகவும் மீண்ட வழியைப் பற்றி அதிகமாகவும் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவரைப் போர்முனையில் நடந்ததை முழுவதும் கொட்டச் சொல்லக் கூடாது. சம்பவத்தை ஒரே தடவையில் விலாவாரியாகப் பேசவைப்பது பயன் தருவதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் செய்யும் என்பதால் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்களே அதை வேண்டாம் என்கின்றன. அது சிகிச்சையாளரின் வேலை. எந்த செக்டார், எந்த ஆபரேஷன் என்று துருவுவதும் தேவையில்லை.

அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்கும்போது புத்தகத்தைவிட ஊர் வாழ்க்கையிலிருந்து எடுங்கள். தீபாவளிக்கு முதல் நாளே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறவர், கோயில் திருவிழா வேட்டுச் சத்தத்துக்குச் சுவரோரம் ஒண்டுகிறவர், ஹோட்டலில் எப்போதும் வாசலைப் பார்த்தே உட்காருகிறவர், செக்யூரிட்டி வேலையில் வேண்டுமென்றே நைட் ஷிப்ட் கேட்டு வாங்குகிறவர். இதில் ஒன்று இருந்தாலே நோய் என்று ஆகிவிடாது. பெயர் வைப்பது துணை வீரரின் வேலையும் அல்ல.

குடிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ராணுவக் கேன்டீன் ரம் 42.8 சதவீத வகை என்றால் 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 750 மில்லி பாட்டில் ஒன்று 25 அளவு. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாளில் 8 புள்ளியோ அதற்குமேலோ வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. இங்கே ஒரு அபாயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவரிடம் "நாளையிலிருந்து தொடாதே" என்று சத்தியம் வாங்குவது உயிருக்கே ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் தொடங்கலாம். எனவே முதலில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ்ஸின் பாலிகிளினிக் அல்லது அரசு மருத்துவமனை, அதன் பிறகுதான் நிறுத்துவது. கூடவே போவதுதான் துணை வீரர் செய்யக்கூடிய பெரிய உதவி.

மாத்திரை விஷயமும் இதே மாதிரிதான். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டலும் மந்தமும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். முதல் சந்திப்புக்கு அழைத்துப்போவதைவிட இரண்டாம் சந்திப்புக்குத் திரும்பப் போகவைப்பதுதான் பயனுள்ளது. மருந்து நல்லதா கெட்டதா என்று துணை வீரர் கருத்துச் சொல்லவே கூடாது. "டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்ற ஒரு வரி போதும்.

தற்கொலை எண்ணம் பற்றிய பகுதிக்கு ஒரு முழு நாள் வேண்டும். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கப் பழக்குங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. சுற்றி வளைத்து, "தப்பான முடிவு எதுவும் எடுக்க மாட்டீங்கதானே?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஆம் என்று பதில் வந்தால், எப்படி என்று யோசித்தாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, முன்பு முயன்றாரா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். உடனடி ஆபத்து தெரிந்தால் தனியே விடாமல் 108 அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. இல்லையென்றால் ஒரு தாளில் அவர் கையாலேயே பாதுகாப்புத் திட்டம் எழுதவைப்பது. தடுமாறுவதற்கு முந்தைய அறிகுறிகள், தானே செய்யக்கூடியது, மனதை மாற்றும் இடமும் ஆட்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் எண்கள், ஆபத்தான பொருளை விலக்கிவைப்பது என்று ஆறு பகுதி. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண் இரவு பகல் இயங்குகிறது, தமிழில் பேசலாம். முப்படையினருக்கும் குடும்பத்தினருக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

ஆறாவது பகுதியை நம்மவர்கள் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். வங்கிக் காவலுக்குப் போகிற பலரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. நிலைமை சரியாகும்வரை அதை எழுத்துப்பூர்வமாகக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கலாம். தேர்தல் சமயத்தில் செய்வதுதான், அதனால் கௌரவக் குறைச்சலாக யாரும் பார்ப்பதில்லை. வயல்காட்டு வீடு என்றால் மீந்த பூச்சிமருந்து, எலி பேஸ்ட் இரண்டையும் வீட்டைவிட்டே அகற்ற வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் கேஸில் இழுப்பார்கள் என்று வீட்டார் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதும் உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை எல்லாத் துணை வீரரும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ரகசியம் பற்றி முதல் சந்திப்பின் முதல் நிமிடத்திலேயே பேசிவிட வேண்டும். "நீங்க சொல்றது வெளியே போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, குழந்தைக்குக் கொடுமை நடக்குதுன்னா மட்டும் சொல்லியே ஆகணும்." இப்படிச் சொல்லாமல் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. ஒரே யூனிட்காரரை ஜோடி சேர்ப்பதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு: மொழி புரியும், ஆனால் யூனிட் வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலத்துக்குள் செய்தி பரவிவிடுமோ என்ற சந்தேகமும் இருக்கும். வந்தவரையே கேட்டு முடிவுசெய்யுங்கள். குறிப்பேட்டில் பெயர் வேண்டாம். எண், தேதி, எவ்வளவு நேரம், அடுத்து என்ன என்று ஒரு வரி போதும். கடன் கொடுப்பதும் சேர்ந்து குடிப்பதும் அறவே கூடாது.

நடைமுறையில் இந்தத் திட்டங்களை விழுங்கிவிடுவது பென்ஷன் காகித வேலை. ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆயுள் சான்று ஏறவில்லை என்று வருகிறவர் மூன்றாவது தடவை வரும்போதுதான் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார். அதனால் அந்த வாசலை மூடக் கூடாது. ஆனால் துணை வீரரே நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டால் பேச ஆள் இருக்காது. காகித வேலைக்கு வேறொருவரை வைத்து, பக்கத்து அறையில் துணை வீரர் இருந்தால் சரியாக வரும்.

இனி மேற்பார்வை. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரோ பக்கத்து மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையோ, மாதம் இரண்டு முறை தனியாகவும் ஒரு முறை குழுவாகவும் உட்காரச் சம்மதித்து எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்படி ஆள் கிடைக்கும்வரை வகுப்பையே தள்ளிவையுங்கள். ஒரு துணை வீரருக்கு ஒரே சமயத்தில் ஆறு பேருக்குமேல் வேண்டாம், முதல் மூன்று மாதம் இரண்டு பேர் போதும். இரவு அழைப்புகளுக்கு முறை வைத்துக்கொள்ளுங்கள்; முறை இல்லாதவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம் என்பதை விதியாகவே எழுதுங்கள். பஸ் கட்டணம், ரீசார்ஜ் செலவுடன் ஒரு சிறு தொகையும் கொடுங்கள். சேவை என்று சொல்லி எதுவும் கொடுக்காவிட்டால், வேலைக்குப் போகிறவர்கள் முதலில் விலகுவார்கள், மிஞ்சுவது பொழுதுபோகாதவர்கள்தான்.

கேட்டுக் கேட்டு, அடங்கியிருந்த தன் கனவுகளே திரும்ப வருவது துணை வீரருக்கு நேரக்கூடியது. அதை வெட்கப்பட்டு மறைப்பார், ஏனென்றால் இப்போது அவர் உதவி செய்கிறவர். ஆகவே பயிற்சியின் கடைசி மணி நேரத்தில் அந்த ஆறு பகுதித் தாளை ஒவ்வொருவரும் தனக்கே எழுதட்டும். ஒரு படி மேற்பார்வையாளரிடம், ஒரு படி வீட்டில் மனைவியிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ இருக்க வேண்டும். எந்த அறிகுறி தெரிந்தால் அவரைப் பணியிலிருந்து இரண்டு மாதம் இறக்கி ஓய்வு கொடுப்பது என்பதை அவரே அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.