ஆஃப்ரிகானர் (டச்சுக் குடியேறிகளின் வழிவந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர்) குடும்பம் ஒன்றின் மூலத்தாய் பழவேற்காட்டிலிருந்து போனவர் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் அண்மைக்காலமாகச் சமூக ஊடகங்களில் சுற்றிவரும் 'வெள்ளையரை ஈன்ற தமிழ் அரசி' என்ற கதையை நம்பாதீர்கள். அவர் அரசி இல்லை, கோட்டையில் துணி வெளுத்தவர். அடிமையாக விற்கப்பட்டு, கொலைக் குற்றவாளியாகக் கப்பலேற்றப்பட்டு ஆப்பிரிக்கா போனவர்.

டச்சு ஆவணங்களில் அவர் பெயர் காத்தரீனா வான் பலியகட்டா. 'வான்' என்றால் 'அந்த ஊரிலிருந்து வந்த' என்று பொருள். பலியகட்டா என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. ஆப்பிரிக்காவின் தென்முனையில், இன்றைய கேப்டவுன் இருக்கும் இடத்தில் டச்சுக்காரர்கள் அமைத்த கேப் குடியேற்றத்தில் இன்னொரு காத்தரீனாவும் இருந்ததால் இவரைப் 'பெரிய காத்தரீன்' என்று அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அடிமைகளுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயரையும், கப்பலேறிய துறைமுகத்தையோ பிறந்த ஊரையோ சேர்த்து எழுதுவதுதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வழக்கம். வான் பெங்கால், வான் மலபார், வான் சிலோன் என்று கேப் ஏடுகள் முழுக்க நம் பக்கத்துக் கடற்கரைகளின் பெயர்கள்தான்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்க வந்தவர்கள் ஆட்களையும் வாங்கினார்கள். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் மனித விலை தரைமட்டத்துக்குப் போகும், கப்பல்கள் நிரம்பும். பிடித்து வந்தவர்களும் தரகு பேசியவர்களும் உள்ளூர் ஆட்கள்தான். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுலா போய், மண்டையோடு செதுக்கிய நுழைவாயிலில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். அந்தக் கல்லறைகளில் கிடப்பவர்கள் வணிகர்களும் அதிகாரிகளும். அங்கிருந்து விற்கப்பட்டவர்களுக்கு அந்த ஊரில் ஒரு கல் கிடையாது.

காத்தரீனா 1630களின் தொடக்கத்தில் பிறந்திருப்பார் என்று கணிக்கிறார்கள். விற்கப்பட்டுப் போய்ச் சேர்ந்த இடம் பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அங்கே கிளாஸ் வான் மலபார் என்ற இன்னொரு அடிமையுடன் உறவு. மலபார்க் கரையிலிருந்து ஒருவர், சோழமண்டலக் கரையிலிருந்து ஒருவர். இருவரும் சந்தித்தது ஜாவாவில். பட்டாவியா அடிமைகளின் பொதுமொழி கலப்புப் போர்ச்சுகீசியமும் மலாயும் என்பதால், அவர்கள் சண்டை போட்டதும் அவற்றில் ஒன்றில்தான் இருந்திருக்க வேண்டும். 1656இல் அப்படி ஒரு சண்டையில் காத்தரீனாவின் கையால் கிளாஸ் இறந்துபோனார். தன்னைக் காத்துக்கொள்ளப் போய் நடந்தது என்பதுதான் வழக்கின் சாரம். ஆனாலும் மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் முழுக்க நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். அனுப்பிய இடம் ஆப்பிரிக்காவின் தென்முனை.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். அவர் கேப்பில் இறங்கியது 1657 பிப்ரவரி. அந்தக் குடியேற்றத்தை நிறுவிய யான் வான் ரீபேக் அங்கே வந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதே மாதம்தான் கம்பெனி தன் ஊழியர்களில் சிலரை வேலையிலிருந்து விடுவித்து, நிலம் கொடுத்து, முதல் சுதந்திரக் குடியானவர்களாக்கியது. வெள்ளைக் குடியேற்றச் சமூகம் என்று நாம் சொல்வது அன்றுதான் தொடங்குகிறது. அடிமைகளைக் கூட்டமாக ஏற்றிய முதல் கப்பல்கள் வருவதோ 1658இல். அப்படியென்றால் இந்தப் பழவேற்காட்டுப் பெண் பின்னாளில் எப்படியோ ஒரு வெள்ளைக் குடும்பத்துக்குள் நுழைந்தவர் அல்லர். பெரும்பாலான குடியேறிகளுக்கு முன்பே அங்கே இருந்தவர். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் முக்கியமான செய்தி இது ஒன்றுதான்.

கேப்பில் அவர் அடிமை அல்ல, கைதி. வேலை, கோட்டைத் தலைவர் வீட்டுத் துணி வெளுப்பது. அன்றைய கோட்டை இப்போது சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் கற்கோட்டை அன்று, மண் சுவர். அதைக் காவல் காத்த ஜெர்மானியச் சிப்பாய்களில் ஒருவர் ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். காவல் வேளையில் இடத்தை விட்டுக் காத்தரீனாவைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டார். தண்டனை, ராபன் தீவு. ஆம், மண்டேலா இருந்த அதே தீவு. அப்போதே அது சிறைதான். சிப்பாய் கதையிலிருந்து மறைந்துபோகிறார். 1669இல் காத்தரீனாவின் மகனுக்கு அந்தச் சிப்பாயின் பெயரையே, கிறிஸ்டோஃபல் என்று இட்டு ஞானஸ்நானம் செய்திருக்கிறார்கள்.

1671இல் காத்தரீனா, விடுதலை பெற்ற வங்காளியான அந்தோனி யான்ஸ் வான் பெங்கால் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். பையனை வளர்த்தவர் இந்த வங்காளித் தகப்பன்தான். குடும்ப மரம் வரைகிறவர்கள் ரத்த வழியை மட்டும் பார்ப்பதால் அந்தோனியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கணவனும் மனைவியும் 1680களின் தொடக்கத்தில் இறந்தார்கள்.

1685இல் கேப்புக்கு ஒரு கம்பெனி ஆணையர் வந்தார்: ஹென்றிக் வான் ரீட். கேரளத்தின் தாவரங்களைப் பற்றி 'ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்' என்ற பெருநூலைத் தொகுக்கச் செய்தவர் இவர்தான். ஐரோப்பியர் அடிமைப் பெண்களை மணக்கக் கூடாது, கலப்பில் பிறந்தவர்களை மணக்கலாம் என்று அவர் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். மலபாரின் செடிகொடிகளுக்கு அவ்வளவு கருணை!

அந்தக் கலப்பில் பிறந்த கிறிஸ்டோஃபல் ஸ்னைமன், 1690 வாக்கில் மார்கரீத் தெரேஸ் என்ற பெண்ணை மணந்தார். அவர் ஹ்யூகனாட் என்னும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு அகதிக் குடும்பம். தகப்பனார் ஜாக் தெ சவ்வாய் 1688இல் வந்த வசதியான வணிகர், அகதிகளில் பெரிய புள்ளி. அவர் மகள் கையைப் பிடித்தது ஒரு பழவேற்காட்டுக் கைதியின் மகன். கலப்பில் பிறந்தவர்களை மணக்கச் சட்டம் தடை போடாத காலம் என்பதால் இது நடந்தது. குடியேற்றத்தில் பெண்கள் குறைவு, கிறிஸ்டோஃபல் சுதந்திரமானவர், ஞானஸ்நானம் பெற்றவர். இந்தத் தம்பதியின் பிள்ளைகளில் ஒருத்திக்குக் காத்தரீனா என்று பெயர்.

தென்னாப்பிரிக்க ஸ்னைமன்கள் இந்த வழியில் வந்தவர்கள். பெண் வழியில் கிளைத்த குடும்பங்களையும் சேர்த்தால் எண்ணி மாளாது. 1899இல் மாஃபெக்கிங் நகரத்தை முற்றுகையிட்ட போயர் (ஆஃப்ரிகானர்) தளபதிகளில் ஒருவரின் குடும்பப் பெயரும் ஸ்னைமன்தான்.

நான் கேப்டவுனில் வேலை பார்க்கிறேன். இந்தக் குடும்பப் பெயருள்ள ஒரு சக ஊழியர், நான் சென்னைக்காரன் என்று அறிந்ததும் கேட்டது, "பலியகட்டா உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?" சுமார் அறுபது கிலோமீட்டர் என்றேன். அவருடைய பாட்டி வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாதாம். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். 1949இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம், 1950இல் ஒவ்வொருவரையும் இன வாரியாகப் பதிவு செய்யும் சட்டம். கறுப்பு மூதாதை என்ற வதந்தியே பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் பறிக்கக்கூடிய நாட்டில், பாட்டிகள் வாயைத் திறக்காததில் வியப்பில்லை. இன்று நிலைமை தலைகீழ். ஓர் 'அடிமை மூதாய்' இருப்பது கொஞ்சம் பெருமைக்குரிய சங்கதி ஆகிவிட்டது.

மரபணுவும் இதையே சொல்கிறது. 77 ஆஃப்ரிகானர்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், ஐரோப்பியர் அல்லாத மூதாதையரின் பங்கு சராசரியாக 4.7 சதவீதம். அதில் தெற்காசியப் பங்கு சுமார் 1.7 சதவீதம். காத்தரீனா ஒருவரால் மட்டும் வந்தது அல்ல இது. அஞ்சலா வான் பெங்கால் போன்றவர்களும் இப்படிப் பல குடும்பங்களின் மூலத்தாய்மார்கள். அஞ்சலா விடுதலை பெற்று, நிலம் வாங்கி, தானும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

கடைசியாக, 'தமிழச்சி' என்ற சொல். பழவேற்காட்டில் தமிழும் தெலுங்கும் புழங்கின. அந்தத் துறைமுகத்துக்கு உள்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. ஆகவே 'பழவேற்காட்டிலிருந்து போனவர்' என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். உரிமை கொண்டாட ஆசைப்படுகிறவர்கள், அவரை விற்ற தரகர்களுக்கும் சேர்த்து உரிமை கொண்டாடட்டும்.

மேலும் தேட விரும்பினால் ஒரு குறிப்பு: பழைய டச்சு ஏடுகளில் எழுத்துக்கூட்டல் நிலையாக இருக்காது. ஊர்ப் பெயரைப் பலியகட்டா, பலியகட்டே, பலிகாட் என்றும், குடும்பப் பெயரை ஸ்னைமன், ஸ்னெய்மான் என்றும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கேப்டவுன் ரூலண்ட் தெரு ஆவணக் காப்பகத்தில் நீதிமன்றப் பதிவுகளும் சொத்துப் பட்டியல்களும் இருக்கின்றன. அந்தக் காப்பகம் நிற்பதும் ஒரு பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில்தான்.