பானட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? பழைய சொகுசு செடான்: கேள்வி பதில்

பதினோரு வருடமாக ஒரே ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடானை ஓட்டுகிறேன். எனக்கு முன் இரண்டு பேர் அதை ஓட்டியிருந்தார்கள். நான் மெக்கானிக் இல்லை, கையில் கரி அப்பி அப்பிக் கற்றுக்கொண்டவன். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் பற்றிக் கேளுங்கள். நிறம், வரி, மைத்துனர் என்ன சொல்வார் போன்றவற்றுக்கு என்னிடம் பதில் கிடையாது.

கேள்வி: வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்ப்பது?

எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று. வேறு எல்லாம் அப்புறம்.

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முந்தின நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின்மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

ஒருமுறை நான் பார்க்கப் போன காரில் பாலிஷ் வாசனைகூடப் போகவில்லை. பானட் மட்டும் இளஞ்சூடு. "இப்பதான் கழுவி நிழலுக்கு நகர்த்தினேன்" என்றார். ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. மனசு கேட்காமல் மறுநாள் விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது போல இரண்டு விநாடி சத்தம். பிறகு அமைதி. விற்பவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி. ஆயில் அழுத்தம் ஏறி, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இறுகும்வரை, தளர்ந்த செயின் அடித்துக்கொள்ளும். எஞ்சின் சூடாக இருந்தால் பெரும்பாலும் காதில் விழாது.

கேள்வி: 1.4 லட்சம் கி.மீ. ஓடிய கார். வாங்கலாமா?

கிலோமீட்டரை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சீரான ஆயில் பில்களோடு நெடுஞ்சாலையில் 1.4 லட்சம் ஓடிய கார், நெரிசலில் நின்று நின்று 60,000 ஓடிய காரைவிட மேல். பில்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். நடுவில் மூன்று வருடம் காணோம் என்றால் அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் செலவழிப்பீர்கள். ஓடோமீட்டரில் கை வைத்திருப்பார்களோ என்று சந்தேகமா? பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் பளபளப்பு, ஓட்டுநர் இருக்கையின் கதவோர விளிம்பு, இந்த மூன்றும் பொய் சொல்லத் தெரியாதவை. பல கார்களில் ஓடிய தூரம் ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோல் யூனிட்டில் பதிவாகும். நல்ல ஸ்கேனர் போட்டால் முரண்பாடு தெரிந்துவிடும்.

கேள்வி: பிஎம்டபிள்யூ 328ஐ, எஃப்30, 2013 மாடல் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஓட்ட அருமையான கார். அதில் இருப்பது என்20 எஞ்சின். செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் உடைவது அதன் பேர்போன நோய். துண்டுகள் ஆயில் பேனில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) விழுந்து ஆயில் போகும் வழியை அடைத்தால் எஞ்சினே போய்விடும். கைடும் செயினும் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்த வேலைக்கான தொகையை விலையில் குறையுங்கள், மறுத்தால் விடுங்கள். முடிந்தால் பின்னால் மெருகேற்றி வந்த (ஃபேஸ்லிஃப்ட்) 330ஐ மாடலைத் தேடுங்கள். அதில் பி48 எஞ்சின், இந்தத் தலைவலி இல்லை. எதுவானாலும் பானட் குளிர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: 90,000 கி.மீ. ஓடிய கார் வாங்கலாமா?

இரண்டு கேள்வி மேலே பாருங்கள்.

கேள்வி: எட்டு கியர் ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸ் ஆயில் 'லைஃப்டைம்', மாற்றவே வேண்டாம் என்கிறார் சர்வீஸ்காரர்.

யாருடைய ஆயுள் என்று திருப்பிக் கேளுங்கள். இத்தகைய பல கார்களில் இருப்பது இசட்எஃப் 8எச்பி என்ற கியர்பாக்ஸ். அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு சேர்ந்தே வரும், அதனால் பேனையும் மாற்ற வேண்டும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 40 டிகிரி அளவில் இருக்கும்போது மட்டம் பார்க்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: வடிக்கும் திருகைத் தொடும் முன், ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்த பிறகு அது அசையவில்லை என்றால் கார் அங்கேயே நிற்கும்.

மறுப்பு: ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கார் 1.9 லட்சம் ஓடிவிட்டது, ஆயிலைத் தொட்டதில்லை. என் நண்பர் மாற்றினார், இரண்டே வாரத்தில் கியர் வழுக்கியது. புது ஆயில்தான் கொன்றது.

நண்பர் எப்போது மாற்றினார்? எல்லாம் ஒழுங்காக இருந்தபோதா, கியர் மாறும்போது இடிக்க ஆரம்பித்த பிறகா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். நோய் முற்றியபின் மருத்துவமனைக்குப் போய்விட்டு, மருந்து கொன்றது என்பது போன்ற கணக்கு இது. கிளட்ச் தட்டுகள் தேய்ந்து தீர்ந்த கியர்பாக்ஸை எந்த ஆயிலும் காப்பாற்றாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நன்றாக இருக்கும்போதே மாற்றச் சொல்கிறேன்.

இடையில் ஒருவர்: நான் கியர்பாக்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். 'ஆயில் மாற்றியதும் கெட்டது' என்று வருகிற பெட்டிகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இரண்டு: தவறான ஆயில், அல்லது சூடு பார்க்காமல் ஊற்றியதால் குறைந்த மட்டம்.

நன்றி, இதைச் சொல்ல ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

மறுப்பாளர் மறுபடி: அப்படியானால் என் கார் மட்டும் எப்படி 1.9 லட்சம் ஓடியது?

நெடுஞ்சாலையில்தானே ஓட்டினீர்கள்? (ஆமாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.) நாள் முழுக்க ஒரே கியரில், குளிர்ந்த ஆயிலோடு ஓடியிருக்கிறது. இதே கார் நகர நெரிசலில் சூடேறி நின்றிருந்தால் கதை வேறு. '2 லட்சம் ஆனதும் மாற்றுகிறேன், சந்தோஷமா?' என்று கேட்டிருக்கிறார். சந்தோஷம். ஊற்றும் திருகை முதலில் கழற்றுங்கள்.

கேள்வி: தினமும் ஆறு கி.மீ. அலுவலகம். டீசல் எடுக்கலாமா?

வேண்டாம். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-இல் சேரும் கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஆறு கிலோமீட்டரில் எஞ்சினே சூடாகாது. 2007-க்குப் பின் வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினைப் பார்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவும்: அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அங்கே கை வைப்பது பெரிய வேலை.

கேள்வி: ரன்-ஃபிளாட் டயரை எடுத்துவிட்டுச் சாதா டயர் போடலாமா?

ரன்-ஃபிளாட் என்பது காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர். அதை எடுத்துவிட்டுச் சாதா டயர் போட்டிருக்கிறேன். குலுக்கல் பாதியாகக் குறைந்தது போல இருந்தது. ஆனால் ரன்-ஃபிளாட்டோடு வரும் பல கார்களில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது. காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இருக்கட்டும். டயர் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். கார் பளபளக்கிறது, டயர் நாலும் நாலு கம்பெனி என்றால் அந்த மனிதர் எதிலெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசியுங்கள்.

கேள்வி: லெக்ஸஸ் ஐஎஸ் 250 எடுத்தால் நிம்மதி என்கிறார்களே?

மற்றவற்றோடு ஒப்பிட்டால் நிம்மதிதான். ஆனால் ஐஎஸ் 250-இல் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் மட்டுமே பீய்ச்சப்படுகிறது, அதனால் இன்டேக் வால்வுகளைக் கழுவ எதுவும் இல்லை, கரி படியும். ஐஎஸ் 350-இல் இரண்டு வகை இன்ஜெக்டரும் உண்டு, அங்கே இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: எந்த வங்கியில் கடன் வாங்கலாம்?

ஆள் மாறி வந்துவிட்டீர்கள்.

கேள்வி: வருடச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

முதல் வருடத்துக்கு வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு. என் கணக்கு இது, சாஸ்திரம் இல்லை. எனக்கு முதல் ஆறு மாதத்திலேயே கூலன்ட் டேங்க் தையலோரம் வெடித்து, நடுவழியில் நீராவியோடு நின்றேன். எட்டுப் பத்து வருடச் சூட்டில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும். டேங்க், ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பேட்டரி மாற்றினால் பிஎம்டபிள்யூ போன்றவற்றில் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் ஏற்றும்.

கேள்வி: 1.1 லட்சம் கி.மீ.…

பானட். குளிர்ந்து. இருந்ததா?

கேள்வி: ஐயா, நீங்கள் சொன்னபடியே காலையில் போனேன். குளிர்ந்திருந்தது, செயின் சத்தம் இல்லை. ஆனால் லேசாக நீலப் புகை வந்து நின்றுவிட்டது.

இப்படிப் பார்த்துவிட்டுக் கேட்கும் ஒருவருக்காகத்தான் காத்திருந்தேன். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் வால்வ் சீல் மேல் சந்தேகம். பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் (நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓட) விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, பின்னால் நின்று பாருங்கள். மறுபடி மேகம் போல வந்தால் சந்தேகம் உறுதியாகும். ஓட்டிக்கொண்டே இருக்கும்போது விடாமல் வந்தால் டர்போ, பிஸ்டன் ரிங் பக்கம் தேட வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறார் என்று கேளுங்கள். "ஊற்றியதே இல்லை" என்பார். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள், பாதி காலியான ஆயில் கேன் ஏதாவது துணியில் சுற்றி இருக்கிறதா என்று.