பூக்கும் பருவமும் குதிரையின் இருமலும்: கேள்வி பதில்

பூக்கும் பருவம் தொடங்கியதும் "குதிரை இருமுகிறது, என்ன செய்ய?" என்ற கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றைச் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பல வருடங்களாக லாயம் பராமரிக்கிறவள், இரைப்பு வந்த குதிரைகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தவள். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதை உங்கள் மருத்துவர்தான் குதிரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அக்கா, என் குதிரைக்கு ஒன்பது வயது. சவாரி தொடங்கும்போது இரண்டு மூன்று தடவை இருமும், அப்புறம் நின்றுவிடும். தொண்டையைச் சரிசெய்துகொள்கிறது, கவலைப்படாதே என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தம்பி. நம்மைப் போலச் சட்டென்று இருமுகிற பிராணி இல்லை குதிரை. மூச்சுக்குழாயில் அழற்சியும் கோழையும் இருந்தும் இருமாமலே இருக்கிற குதிரைகள் நிறைய உண்டு. அப்படிப்பட்டது வாரத்தில் பல நாள் இருமினால், அதற்குக் காரணம் இருக்கும். லேசான ஆஸ்துமா பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும்: சவாரி தொடக்கத்தில் இரண்டு இருமல், வேலை முடிந்தபின் மூச்சு அடங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம், முன்பிருந்த சுறுசுறுப்பில் ஒரு குறைவு.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். குதிரை ஓய்வாக நிற்கும்போது பக்கவாட்டில், சற்றுப் பின்னால் தள்ளி நின்று, கடைசி விலா எலும்பு முடிகிற இடத்தையே பாருங்கள். அந்த இடம் ஏறி இறங்குவது ஒரு மூச்சு. ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்த குதிரைக்கு 8 முதல் 16 வரை இருக்கலாம். நலமாக இருக்கும் குதிரையிடம் அந்த அசைவைக் கண்டுபிடிப்பதே சிரமம். இரைப்பு இருக்கும் குதிரை மூச்சை விடும்போது இரண்டு கட்டமாக விடும். முதலில் தானாக இறங்கும் வயிறு, கடைசியில் ஒரு தடவை எக்கித் தள்ளும். மாதக்கணக்கில் அப்படித் தள்ளித் தள்ளி அந்தத் தசை தடித்து, விலாவின் ஓரமாக ஒரு கோடு தெரியும். கோடு விழுந்துவிட்டது என்றால் நோய் வந்து நாளாகிவிட்டது.

தினமும் ஒரே நேரத்தில் எண்ணி லாயச் சுவரில் எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் குதிரையின் வழக்கமான எண் தெரிந்துவிடும். மருத்துவர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

கேள்வி: மரங்கள் பூக்கும்போதுதான் இருமல் வருகிறது. அப்படியானால் மகரந்தம்தானே காரணம்?

இருக்கலாம். ஆனால் முழுப் பழியையும் மகரந்தத்தின் மேல் போடுவதற்கு முன் உங்கள் புல் கட்டைப் பாருங்கள்.

மகரந்தத் துகள் கொஞ்சம் பெரியது. பெரும்பாலான மரங்கள், புற்களின் மகரந்தம் 20 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் பெரும்பங்கு மூக்கிலும் தொண்டையிலுமே சிக்கிக்கொள்ளும். நுரையீரலின் ஆழம் வரை போவது 5 மைக்ரானுக்கும் குறைவான தூசி. காய்ந்த புல்லில் இருக்கும் பூஞ்சை வித்துகள் பல அந்த அளவுதான். ஈரத்தோடு கட்டப்பட்ட புல் உள்ளே சூடாகி அவற்றை வளர்க்கும். அதோடு பாக்டீரியாவின் நச்சு, சிற்றுண்ணிகளின் கழிவு எல்லாம் சேர்ந்துகொள்ளும். இடி மழையில் மகரந்தமும் உடைந்து சிறு துணுக்குகளாகும் என்பது உண்மைதான். அந்த நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

லாயத்துக்குள் ஒற்றை வெயில் கீற்று விழும் நேரத்தில் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லை அந்த வெளிச்சத்தில் உதறிப் பாருங்கள். புகை மாதிரி எழும்பி வெகுநேரம் இறங்காமல் மிதக்கும். குதிரை சாப்பிடும்போது மூக்கு அதற்குள்தான் புதைந்திருக்கிறது. ஓய்வில் ஒரு மூச்சுக்குச் சுமார் 5 லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 60 லிட்டர். முழுப் பாய்ச்சலில் 1000 லிட்டருக்கும் மேல். குதிரைக்கு வாயால் மூச்சுவிடவும் முடியாது, எல்லாம் மூக்கு வழியாகத்தான். லாயம் காற்றோட்டமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மூக்கைச் சுற்றியுள்ள ஒரு முழம் காற்று வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பூக்கும் பருவத்தில் பல லாயங்களில் தீவனமாகப் போடுவது பழைய இருப்புப் புல்தான். பருவமும் பழைய புல்லும் ஒரே சமயத்தில் வருவதால் பழி மகரந்தத்துக்குப் போய்விடுகிறது. மூன்று வாரம் காய்ந்த புல்லை நிறுத்தி, தூசியில்லாத தீவனம் கொடுத்துப் பாருங்கள். இருமல் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: புல்லை நனைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம்?

தூசிக்காக என்றால் அரை மணி நேரம் முழுதாக மூழ்கியிருந்தால் போதும். மேலே இரண்டு குவளை தெளித்துவிட்டு நனைத்தாயிற்று என்று சொல்வதில் பயனில்லை, உள்ளே உலர்ந்துதான் இருக்கும். நனைத்ததை ஈரத்தோடே சாப்பிடக் கொடுங்கள். உலர்ந்துவிட்டால் தூசி திரும்ப எழும். வெயில் காலத்தில் மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும். ஊறிய தண்ணீர் பழுப்பாக இருக்கும். விலங்குகள் குடிக்காத இடத்தில் கொட்டுங்கள்.

ஆவியில் வேகவைப்பது இன்னும் நல்லது, ஆனால் அதற்கென்றே செய்த பெட்டி வேண்டும். மூட்டைக்குள் கொதிநீர் ஊற்றி மூடி வைப்பது போதாது. நடுவில் சூடு சரியாக ஏறாது, சில சமயம் பாக்டீரியா கூடவும் செய்யும்.

புல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறக்காதீர்கள். என்னிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. நனைத்த புல், மரச்சீவல் படுக்கை, எல்லாம் செய்தும் இருமல் நிற்கவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், பக்கத்து அறைக் குதிரைக்கு வைக்கோல் படுக்கை. அதை உதறிப் போடும் நேரத்தில் தடுப்புச் சுவருக்கு மேலே தூசி வந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையையும் மாற்றிய பிறகே அடங்கியது. பெருக்கும்போதும் படுக்கை மாற்றும்போதும் குதிரையை வெளியே கட்டுங்கள், தூசி அடங்கிய பிறகு உள்ளே விடுங்கள். குனிந்து குதிரையின் மூக்கு மட்டத்தில் முகர்ந்து பாருங்கள். சிறுநீரின் நெடி கண்ணைக் கரித்தால் அதுவும் மூச்சுக்குழாயைப் புண்படுத்தும். தீவனத்தைத் தரையில் வையுங்கள். தலை தாழ்ந்திருந்தால் கோழை தானாக வடியும்.

கேள்வி: வெளியில் விட்டால் நல்லது என்று படித்து, பகல் முழுக்க மேய விட்டேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. மேய்ச்சல் நிலத்திலேயே வரும் ஆஸ்துமா என்று ஒரு வகை உண்டு. புழுக்கமான வெப்பப் பருவத்தில் புல்வெளியில் உள்ள மகரந்தமும் பூஞ்சையும் தூண்டிவிடும். வருடா வருடம் அதே காலத்தில் வரும். இந்தக் குதிரைகளுக்கு வைத்தியம் தலைகீழ்: புல்வெளியிலிருந்து எடுத்து, தூசியில்லாத காற்றோட்டமான லாயத்தில் வைத்து, உருண்டைத் தீவனம் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் அந்தப் பருவம் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். மேயும் குதிரை எதுவானாலும், புல் வெட்டும் நாளிலும் வறண்ட காற்று வீசும் நாளிலும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, அலர்ஜி மாத்திரை கொடுத்தால் போதாதா?

ரத்தப் பரிசோதனையின் முடிவு இந்த நோய்க்கு அவ்வளவு நம்பகமானது இல்லை. நமக்குத் தும்மலை நிறுத்துகிற மாத்திரைகளும் குதிரையின் மூச்சுக்குழாயில் பெரிதாக வேலை செய்வதில்லை. அந்தப் பணத்தை எண்டோஸ்கோப்பிக்கும் (மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டு மூச்சுக்குழாயைப் பார்ப்பது), நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரின் பரிசோதனைக்கும் செலவிடுங்கள். எந்த வகை அழற்சி, எவ்வளவு கோழை என்று அதில் நேரடியாகத் தெரியும்.

கேள்வி: ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. கட்டாயம் தேவையா?

மூச்சுத் திணறும் குதிரைக்குத் தேவைதான், தயங்காதீர்கள். அழற்சியை அடக்குவது அதுதான். ஆனால் காற்றை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால், நிறுத்திய சில நாளில் பழையபடி இருமல் வந்து நிற்கும். ஊசி, மாத்திரை வடிவில் கொடுக்கும்போது குளம்புக்குள் அழற்சி வரும் அபாயம் உண்டு. முன்பு அப்படி வந்த குதிரை என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முகமூடி வழியாக இழுக்கும் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அந்தப் பயம் குறைவு. சிக்லெசோனைடு அப்படி மூச்சோடு இழுக்கக் கொடுக்கும் ஒரு ஸ்டீராய்டு. வாய்வழி என்றால் பிரெட்னிசலோன். பெயரில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் பிரெட்னிசோன் குதிரையின் உடலில் சரியாகச் சேராது, பெயரைக் கவனித்து வாங்குங்கள்.

மூச்சுக்குழாயை விரிக்கும் கிளென்பியூடரால் அழற்சியைக் குறைக்காது. தனியாகத் தொடர்ந்து கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பலனும் குறையும். சினைக் குதிரைக்குப் பிரசவத்தைத் தள்ளிப்போடும். போட்டிக்குப் போகும் குதிரை என்றால் எந்த மருந்தானாலும் விதிகளைப் பார்த்த பிறகே கொடுங்கள்.

கேள்வி: மூக்கில் மஞ்சள் சளி, சாப்பாடு எடுக்கவில்லை. இதுவும் அலர்ஜியா?

உடனே வெப்பமானி வையுங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதைத் தொற்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவில் காய்ச்சல் வராது. குதிரைகளுக்கு வரும் ஃப்ளூவாகவோ, தாடைக்கடியில் கட்டி வீங்கும் நோயாகவோ இருக்கலாம். தனியாகக் கட்டி, வாளியும் தூரிகையும் தனியாக வைத்து, மருத்துவரை அழையுங்கள். குணமானபின் காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: மேடம், இருமல் இல்லை, ஆனால் வெயில் காலத்தில் தலையைத் திடீர் திடீரென்று உதறுகிறது.

அது பல சமயம் முகத்து நரம்பின் கூச்சம். மூக்கு வலை போட்டால் சில குதிரைகளுக்கு நன்றாகக் குறையும். பல், காது, கண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கழுதையோடு ஒரே இடத்தில் மேய்கிறது. அதனால் இருமல் வருமா?

வரும். கழுதை நுரையீரல் புழுவைச் சுமந்துகொண்டும் நன்றாகவே இருக்கும், குதிரைதான் இருமும். இரண்டுக்கும் சேர்த்துப் புழு மருந்து கேளுங்கள்.

கேள்வி: என் குதிரைக்குக் கடுமையான ஆஸ்துமா என்று சொல்லிவிட்டார்கள். இனி ஏறவே முடியாதா அக்கா?

முழுதாகப் போகாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் காற்றைச் சுத்தமாக வைத்தால் பல குதிரைகள் மாதக்கணக்கில் ஒரு இருமல் இல்லாமல் இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. ஓய்வில் மூச்சு வழக்கமான எண்ணுக்குத் திரும்பும் வரை ஏறாதீர்கள். அதன் பிறகு நடையில் ஆரம்பியுங்கள். நின்றபடியே மூக்குத் துளை விரிந்து, கழுத்தை நீட்டி மூச்சிழுத்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்புங்கள். ஒரே ஒரு கட்டு பூஞ்சைப் புல் போதும், பழைய நிலைக்குத் தள்ளிவிடும். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் தீவனம் போடுகிறவருக்கு அதை எழுதி, கதவிலேயே ஒட்டி வையுங்கள்.